எண்கள் வரும் இரவுகள்

ஜனவரி 17

மனைவிக்கு ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) 3.6. மறுபடியும் மேலே. ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குத் தேதி கொடுக்கமாட்டார்கள்.

ஜனவரி 18

நேற்றிரவு பதினொன்றரைக்கு அரிசோனாவிலிருந்து எண்கள் வந்தன. அங்கே காலை எட்டரை. 9 மி.மீ. கைத்துப்பாக்கி, 124 கிரெய்ன் குண்டு, அதாவது ஏறக்குறைய 8 கிராம். கடையில் வாங்கிய தோட்டாவில் பத்து, அக்காள் மகன் தானே வெடிமருந்து நிரப்பியதில் பத்து. கடைத் தோட்டாவின் சராசரி வினாடிக்கு 1,118 அடி, அவனுடையது 1,071. "தோற்றுவிட்டேன் மாமா" என்று எழுதியிருக்கிறான்.

எதில் தோற்றான்? குண்டின் கிரெய்ன் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்து 125 வந்தால் அவனுடைய போட்டிப் பிரிவுக்குப் போதும். அவனுக்கு 132.8 வருகிறது. நான் பார்த்தது சிதறலைத்தான். திட்ட விலக்கம், அதாவது வேகங்கள் சராசரியைவிட்டு எவ்வளவு சிதறுகின்றன என்பது, கடைத் தோட்டாவுக்கு 19, அவனுடையதற்கு 10. குறைந்தால் நல்லது. ஒவ்வொரு தோட்டாக் கூட்டுக்கும் வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போடுகிற பிள்ளை அவன். விடிந்ததும் பேச வேண்டும்.

ஜனவரி 20

முருங்கைக் கீரை ஒரு நாள் சட்டி நிறைய, மறுநாள் அறவே இல்லை. இப்படிச் சாப்பிட்டால் இரத்தம் எப்படி ஒரு நிலையில் நிற்கும்? கீரையிலுள்ள வைட்டமின் கே, இரத்தம் உறையாமலிருக்க இவள் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரைக்கு எதிராக வேலை செய்கிறது. கீரையை விடச் சொல்லவில்லை, ஒரே அளவாகச் சாப்பிடத்தான் சொல்கிறார்கள். தராசு வாங்கி வந்தேன். இவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஜனவரி 21

பேசினாள். கீரையைத் தராசில் நிறுத்துத்தான் கடைந்தாள்.

ஜனவரி 24

2.1. "எல்லாம் சரியாகிவிட்டது, போதுமா?" என்கிறாள். இருக்க வேண்டியபடி இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் போன தடவை 3.6, அதற்கு முன் 1.7. மூன்றையும் கூட்டி வகுத்தால் 2.5 வரும். அந்த ஓர் எண்ணை மட்டும் பார்ப்பவருக்குக் கவலையே வராது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜனவரி 25

இங்கே பினாங்கு ஆயர் ஈத்தாமில் நல்ல மழை. மருமகனோடு நீண்ட நேரம் பேச்சு. அவனுக்கு இப்போது தலைகால் புரியாத சந்தோஷம். 10 பெரிதா, 19 பெரிதா என்று துள்ளுகிறான். பொறு என்றேன். பத்தே தோட்டாவில் கிடைத்த 10 என்பது உண்மையில் 7 ஆகவும் இருக்கலாம், 18 ஆகவும் இருக்கலாம். 19 என்பது 13 முதல் 35 வரை எதுவாகவும் இருக்கலாம். இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. வகைக்கு முப்பது தோட்டாவாவது சுட வேண்டும்.

அதையும் ஒரு வகையை முடித்துவிட்டு மற்றதைத் தொடக்கூடாது. மாற்றி மாற்றிச் சுட வேண்டும். குழல் சூடேறும், வெயில் நகரும். குண்டின் வேகத்தை அளக்கும் அவனுடைய குரோனோகிராப் ஒளியை நம்பி வேலை செய்வது. இரண்டு அடி இடைவெளியில் இரண்டு உணரிகள். முதலாவதன் மேல் குண்டின் நிழல் விழுந்ததும் கடிகாரம் ஓடுகிறது, அடுத்ததில் நிற்கிறது. இடையில் இரண்டு மில்லி வினாடிகூட இல்லை. உணரிகளின் இடைவெளி கால் அங்குலம் பிசகினால் வேகம் ஒரு சதவீதம் மாறிவிடும். ஆனால் அந்தப் பிசகு இரு வகைக்கும் ஒன்றுதான், ஒப்பீட்டைக் கெடுக்காது. இதைச் சொன்னதும் அவன் அமைதியாகிவிட்டான். வகுப்பறையிலும் இந்த அமைதிக்காகத்தான் காத்திருப்பேன்.

இங்கே மலேசியாவில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா கையிலிருந்தாலே குற்றம். எண்களே எனக்குப் போதும்.

ஜனவரி 31

தைப்பூச வெள்ளி ரதம் புறப்பட்டுவிட்டது. இவளால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது. தெருவெல்லாம் உடைத்த தேங்காய் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லிவிட்டுப் போனார்.

மாலை: 2.9. கீரை அதே அளவு, மாத்திரை அதே நேரம். பிறகு ஏன்?

பிப்ரவரி 1

தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகவில்லை.

பிப்ரவரி 4

அரிசோனாவில் காற்று பலமாம், சுடவில்லையாம். காற்று ஓயட்டும். பொறுத்ததே பொறுத்தோம்.

பிப்ரவரி 7

2.4.

பிப்ரவரி 8

முப்பதும் முப்பதும் வந்துவிட்டன. திட்ட விலக்கம் கடைத் தோட்டாவுக்கு 20, அவனுடையதற்கு 11. எல்லைகளைப் போட்டுப் பார்த்தேன்: 16 முதல் 27, 9 முதல் 15. ஒன்றையொன்று தொடவில்லை! என் பிள்ளைக்குக் கை சுத்தம். மிகக் குறைந்த வேகத்தையும் தேடினேன், 1,046, அதுவும் 129.7 தருகிறது. இதை அவனுக்கு விரிவாக எழுத வேண்டும், சராசரியைக் கடைசியில்தான் சொல்வேன்.

தொலைபேசி அடிக்கிறது. ஆஸ்பத்திரி எண்.