இடும்பன் சன்னதியில் அக்கா

என் அக்கா மகனின் காவடி இரண்டு வருஷமாகப் பரணில் கிடந்தது. 2023 தைப்பூசத்துக்குப் பழநி போய் வந்ததும், மயில்பீலியைத் தனியாகக் கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றி, கட்டையைச் சாக்கில் போட்டு அவனே ஏற்றி வைத்தது. அந்தக் கார்த்திகையில் போய்விட்டான். 25 வயசு. மில்லில் எலெக்ட்ரீஷியன். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, நாலு இட்லி சாப்பிட்டு, "மத்தியானம் எழுப்பும்மா" என்று சொல்லிப் படுத்தவன். ஒரு மணிக்கு அக்கா போய் எழுப்பினாள். இருதயம் என்றார் டாக்டர். அதுவரை ஒரு காய்ச்சல் என்று ரெண்டு நாள் சேர்ந்தாற்போல் படுத்ததில்லை அவன்.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு மலைக்கோயில் ஏறுவதில்லை. அதனால் 2024 பூசம் எங்களுக்கு இல்லை. நத்தம் பக்கத்திலிருந்து போகிற எங்கள் ஊர்க் குழு வாசலைக் கடந்தபோது அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். அரோகரா சத்தம் தெருமுனை திரும்பி ஓய்கிற வரை திறக்கவில்லை.

தலைத்திவசம் கழிந்து மார்கழி பிறந்ததும் என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, பரண்ல ஏறி அவன் காவடிய எறக்கு. இந்த வருஷம் நீ தூக்கு. நானும் கூட நடக்குறேன்" என்றாள். எனக்கு 52 வயசு. பாதயாத்திரை பலமுறை போயிருக்கிறேன், காவடி தூக்கியதில்லை. அக்கா நடந்ததே கிடையாது. கட்டுச்சோறு கட்டி அவனை அனுப்பி வைப்பதோடு சரி. நான் மறுபேச்சுப் பேசவில்லை.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவோம். பழநி அடிவாரத்தில் அவனுக்கு முடி இறக்கியதும் என் மடியில்தான். மொட்டைத் தலையில் சந்தனம் அப்பினதும் குளிர்ச்சி தாங்காமல் என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அழுதான். கல்யாணத்துக்குச் சீர் சுமந்து போக வேண்டிய நான் அவனுக்குக் கோடித் துணி எடுத்துப் போனேன். அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

சாக்கைப் பிரித்தபோதுதான் கவனித்தேன். தோளில் படுகிற இடத்தில் பழைய கைலியைப் பட்டை பட்டையாகக் கிழித்துச் சுற்றி, மேலே சணலால் இறுக்கியிருந்தான். வயருக்கு டேப் சுற்றுகிற கை அல்லவா, ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று பாதி ஏறி, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே சீர். வியர்வை குடித்துக் குடித்து அந்தத் துணி கறுத்து, விறைத்துப் போயிருந்தது. கட்டையின் சரிபாதியில் இல்லாமல் கொஞ்சம் தள்ளி இருந்தது சுற்று. அவன் இடது தோள்காரன். அந்தத் தோளுக்கும் அவன் உயரத்துக்கும் பார்த்துக் கட்டியது.

2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். பூசம் 11ஆம் தேதி. கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்று போகும் எங்கள் பாதை. நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பச்சை வேட்டி, கழுத்தில் துளசி மாலை, முதுகில் இருட்டில் மின்னுகிற ஒட்டுப்பட்டை. வழியெல்லாம் பந்தல் போட்டு மோரும் சுக்குக் காப்பியும் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். யார் என்று தெரியாத வீட்டுப் பெண்கள் ரோட்டில் நிற்கிற நமக்குத் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவிவிடுவார்கள்.

குழுவில் அவனுக்கென்று ஓர் இடம் உண்டு. கடைசி. வயசானவர்கள், காலில் கொப்புளம் வந்தவர்கள், பிள்ளையைத் தூக்கி நடப்பவர்கள் எல்லோரும் முன்னால் போன பிறகுதான் அவன் அடி வைப்பான். சட்டைப்பையில் ஊசியும் நூலும் வைத்திருப்பான். கொப்புளத்தில் ஊசியை ஓட்டி நூலை உள்ளேயே விட்டுவிட்டால் நீர் தானாக வடிந்துவிடும், தோல் உரியாது. "மாமா, நீங்க முன்னாடி போங்க, நான் இருக்கேன்ல" என்பான். மாப்ளே மாப்ளே என்று கூப்பிட்டுக்கொண்டே அவனை விட்டு நடந்துவிடுவேன். இந்த முறை நானும் அக்காவும்தான் கடைசி. முன்னால் போனவர்கள் அடிக்கடி நின்று திரும்பிப் பார்த்தார்கள். எங்களுக்காகத்தான் பார்த்தார்களா, பழைய பழக்கமா தெரியவில்லை.

திண்டுக்கல் தாண்டுவதற்குள் என் தோள் கன்றிவிட்டது. நான் வலது கைக்காரன். இடது தோளில் காவடி நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒட்டன்சத்திரத்தில் குழந்தை வேலப்பர் கோயில் வாசலில் இறக்கி வைத்தபோது அவன் கூட்டாளி ஒருவன் வந்து, "மாமா, அந்தச் சுத்த அவுத்து உங்களுக்குத் தோதா மாத்திக் கட்டித் தரட்டுமா?" என்று கேட்டான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். வேண்டாம்ப்பா என்றேன். அந்த முடிச்சு அவன் கையால் போட்டது. அவிழ்த்தால் திரும்பவும் அதே மாதிரி போட யாருக்குத் தெரியும்?

திங்கட்கிழமை காலை ஆயக்குடி கடந்து பழநிக்குள் நுழைந்தோம். இடும்பன் குளத்தில் முழுக்குப் போட்டு, திருவாவினன்குடியில் கும்பிட்டுவிட்டு மலையடிவாரம் வந்தோம். 2023 அக்டோபரிலிருந்து மேலே செல்போனுக்குத் தடை. கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். என் போனில் அவனுடைய கடைசிப் பழநிப் படம் இருக்கிறது. அந்த வருஷம் ஜனவரி 27 குடமுழுக்கு. அது முடிந்த கையோடு வந்த பூசம் என்பதால் புது வர்ணத்தில் கோபுரமெல்லாம் மின்ன, காவடியோடு சிரித்துக்கொண்டு நிற்பான். அக்கா போனை வாங்கி அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்தாள். முந்தானையால் திரையைத் துடைத்தாள். பிறகு அவளே கவுண்டரில் நீட்டினாள்.

பாதி மலையில் இடும்பன் சன்னதி. காவடி எடுப்பவர்களுக்கு அவர்தான் முதல் சாமி. சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளை அகத்தியருக்காகக் காவடியாகக் கட்டித் தூக்கி வந்தவர். இளைப்பாற இங்கே இறக்கி வைத்தவரால் திரும்பத் தூக்க முடியவில்லை. மலைமேல் கோவணத்தோடு நின்ற சின்னப் பையன் இது என் மலை என்றான். சண்டை மூண்டது. இடும்பன் செத்து விழுந்தார். மனைவி இடும்பி கதறி அழுதாள். முருகன் உயிரைத் திருப்பிக் கொடுத்து, தன் வாசலில் காவலாக வைத்துக்கொண்டான்.

எத்தனையோ முறை கேட்ட கதைதான். ஆனால் இந்தப் பதினாலு மாசமாக எனக்கு அது நெஞ்சில் முள். இடும்பி அழுதாள், கொடுத்தாய். என் அக்கா அழுத அழுகை உன் காதில் விழவில்லையா? மேலே போய் இதைத்தான் கேட்க வேண்டும் என்று நத்தத்திலிருந்து மனசுக்குள் கட்டி வைத்திருந்தேன்.

அக்கா சன்னதி முன்னால் நின்றாள். பின்னால் கூட்டம் நெருக்குகிறது. விபூதியை வாங்கிக்கொண்டும் நகரவில்லை. பக்கத்து வீட்டு ஆளிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "நீ அங்க போய்ட்டுத் திரும்புன ஆளு. வழி தெரிஞ்சவன். எம்புள்ள புதுசு, ஒண்டியா நிப்பான். ஒரு கண்ணு பாத்துக்கப்பா."

அவ்வளவுதான். தாண்டி மேலே ஏற ஆரம்பித்தாள். எனக்குக் கால் வரவில்லை. யாரோ பின்னாலிருந்து "சாமி, நடங்க சாமி" என்று தோளைத் தொட்ட பிறகுதான் அசைந்தேன்.

மேலே போய்ச் சேர மாலையாகிவிட்டது. சாயரட்சை, ராஜ அலங்காரம். கிரீடமும் பட்டும் பூமாலையுமாக, மேற்கு பார்த்து நிற்கிற தண்டாயுதபாணி. மாப்பிள்ளைக் கோலம்தான் அது. கட்டி வைத்திருந்த கேள்வி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அரோகரா என்று மட்டும் வாயில் வந்தது, அதையும் பாதியில் அழுகை பிடித்துக்கொண்டது. அக்கா அழவில்லை. கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றாள், நகர்த்திவிடும் வரை.

ராத்திரி அடிவாரத்து மண்டபத்தில் படுத்தோம். காவடியைச் சுவரோரமாகச் சாத்தி வைத்திருந்தேன். சட்டையைக் கழற்றியதும் அக்கா பார்த்துவிட்டாள். பையிலிருந்து தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து பின்னால் உட்கார்ந்தாள். இடது தோளில், கழுத்தெலும்புக்கு இரண்டு விரல் தள்ளி, சிவந்து தடித்திருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். சுருக்கென்றது. கொஞ்ச நேரம் விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"இந்த எடந்தான்டா" என்றாள். "அவனுக்கும் வருஷா வருஷம் இதே எடத்துலதான் தடிச்சு வரும்."