கையெழுத்து முதலில், மருந்து அப்புறம்

எங்க பெரியம்மா மகள் டெக்சாஸில் நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது மேல்படிப்பு படித்து, நோயாளியைப் பார்த்து மருந்தும் எழுதும் நர்ஸ். போன வாரம் பேசும்போது, "இந்த வருசத்து அக்ரிமெண்ட்டைப் படிச்சுக் கையெழுத்துப் போட்டாச்சு தம்பி" என்றார். வீட்டு வாடகைக்கா அக்கா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, மருந்து எழுதுவதற்கு என்றார்.

காங்கேயத்தில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். இந்த மாதிரி விஷயம் காதில் விழுந்தால் விடமாட்டேன், முழுக்கக் கேட்டுக்கொண்டேன்.

டெக்சாஸில் நர்ஸ் பிராக்டிஷனர் தன் விருப்பத்துக்கு மருந்து எழுத முடியாது. ஒரு டாக்டர் அந்த அதிகாரத்தை ஒப்பந்தமாக எழுதித் தர வேண்டும். 2013இல் போட்ட சட்டம். எந்த வகை மருந்து எழுதலாம், எதைத் தொடக் கூடாது, எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு டாக்டர் பொதுவாக 7 முழுநேரப் பணியாளர்களுக்கு மேல் இப்படிக் கொடுக்க முடியாது. மாதம் ஒரு முறையாவது இருவரும் பேச வேண்டும், அக்கா பார்த்த கேஸ்களில் சிலவற்றை டாக்டர் எடுத்துப் பார்க்க வேண்டும். மருந்துச் சீட்டில் அந்த டாக்டரின் பெயரும் முகவரியும் போன் நம்பரும் இருக்கும். ஆக்ஸிகோடோன் போன்ற கடும் வலி மருந்துகளைச் சாதாரண கிளினிக்கில் இருந்துகொண்டு அக்கா எழுதவே முடியாது. பெரிய ஆஸ்பத்திரியிலோ, இறுதிக்காலப் பராமரிப்பிலோதான்.

அக்காவுக்கு இதில் கடுப்பு. பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் இந்த ஒப்பந்தமே தேவையில்லை, அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் தானே எழுதலாம். "எல்லையைத் தாண்டுனா எனக்கு அறிவு கூடிருமா?" என்கிறார். நியாயமான கேள்விதான். இருந்தாலும் எனக்கு அந்தத் தாள் பிடித்திருக்கிறது. காரணம் என் கவுண்டருக்கு வரும் சீட்டுகள்.

ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா நீட்டினார். அடியில் டாக்டர் கையெழுத்து, நீல மை. மேலே செஃபிக்சிம் 200 என்ற ஆன்டிபயாட்டிக், காலை ஒன்று இரவு ஒன்று, கறுப்பு மையில், உருண்டை உருண்டையான வேறு கையெழுத்து. தேதி இல்லை. "டாக்டரைப் பாத்தீங்களா?" என்றேன். "அவரு ஊர்ல இல்லீங் தம்பி, நர்ஸம்மாதான் எழுதிக் குடுத்துச்சுங்." அதாவது, டாக்டர் கிளம்பும் முன் வெற்றுச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

செஃபிக்சிம் ஹெச்1 அட்டவணை மருந்து, அதாவது விற்பதில் கூடுதல் கட்டுப்பாடு உள்ளது. யார் எழுதியது, யாருக்கு, எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டில் மருத்துவரே கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்கிறது மருந்து விதி. கிளினிக்குக்குப் போன் செய்தேன். "சார் சொல்லித்தாங்க எழுதினேன், குடுங்க" என்றார் அந்த நர்ஸ். நான் கொடுக்கவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினார். வேறு கடையில் வாங்கியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நர்ஸ் மருந்து எழுதுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பத்து வருடம் ஓ.பி.யில் நின்ற நர்ஸுக்குச் சில புது டாக்டர்களைவிட நாடி தெரியும். ஆனால் "சார் சொன்னாருங்க" என்பது அதிகாரம் கொடுத்ததாகாது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் சார் சொல்லவே இல்லை என்றாகிவிடும். அப்புறம் மாட்டுவது நர்ஸும் நானும்.

நம் நாட்டில் இதற்கு யோசனையே இல்லை என்பதும் இல்லை. 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, டாக்டர் அல்லாத சமூக சுகாதாரப் பணியாளர்களுக்குக் குறிப்பிட்ட மருந்துகளை எழுத வரம்புள்ள உரிமம் கொடுக்கலாம் என்கிறது. ஆரம்பச் சிகிச்சையிலும் நோய்த்தடுப்பிலும் தனியாக எழுதலாம், அதற்கு மேல் போனால் டாக்டரின் மேற்பார்வை வேண்டும். இவர்கள் எண்ணிக்கை டாக்டர்கள் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அதற்கே அந்த ஜூலை 31ஆம் தேதி டாக்டர்கள் ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலி டாக்டர்களுக்குக் கதவு திறக்கிறது என்பது அவர்கள் பயம். பயம் சரி. ஆனால் வெற்றுச் சீட்டில் கையெழுத்துப் போட்டு வைப்பவர்களைப் பற்றியும் அதே சூட்டோடு யாராவது பேசியிருக்கலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் இதில் சேராது. டாக்டர் பார்த்து முடிவு செய்த பி.பி., சுகர் மாத்திரையைத்தான் அந்தத் தன்னார்வலர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். எந்த மாத்திரை என்று அவர்கள் தீர்மானிப்பதில்லை.

அந்த டாக்டர் ஊரிலிருந்து திரும்பியதும் நேரில் போய்ச் சொன்னேன். "நீங்க ரொம்ப ரூல் பேசறீங்க" என்றார். இப்போது அவர் கிளினிக் சீட்டுகள் எதிர்க் கடைக்குப் போகின்றன. போகட்டும்.