சுண்ணாம்புக்கு முதல் மண்ணைச் சோதித்திருக்கலாம்

போன கிழமைதான் மண் பரிசோதனை அறிக்கை மின்னஞ்சலில் வந்தது. பீஎச், அதாவது மண் புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, 7.8. ஏழுக்கு மேலே போனால் காரம். புல்லுக்கு 6-இலிருந்து 7 வரை இருந்தால் போதும். அந்த எண்ணைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது, இரண்டு வருசமாக நான் வாங்கிக் கொட்டிய ஐந்து மூட்டைச் சுண்ணாம்பு.

ரொறன்ரோ ஸ்காபரோவில் எங்கள் முன்வளவுப் புல் மூன்று வருசமாக மஞ்சள். பின்வீதி அண்ணை ஒருவர், "மண் புளிச்சுப்போச்சு தம்பி, சுண்ணாம்பு போடும்" என்றார். அவர் கனடா வந்து முப்பது வருசம், அவருடைய புல் பச்சை, நம்பிவிட்டேன். ஸ்காபரோ இருக்கும் தென் ஒன்ராறியோவின் மண் பெரும்பாலும் பனியாறுகள் சுண்ணாம்புக்கல்லை அரைத்து விட்டுப்போன மண். காரம் ஏற்கெனவே கூட, சுண்ணாம்பு அதை இன்னும் ஏற்றும். காரம் கூடினால் மண்ணில் இரும்பு இருந்தாலும் புல்லால் எடுக்க முடியாது, மஞ்சளடிக்கும். நான் மருந்தென்று நினைத்து வருத்தத்தையே ஊட்டியிருக்கிறேன்.

சோதிக்க வேண்டும் என்ற புத்தி வந்தது போன வருசம் டிசம்பர் நடுவில். நிலம் உறைந்து கிடந்தது, மண்வெட்டி 'டங்' என்று திரும்பி எழும்பியது. விடாமல் அலவாங்கால் குத்தினேன். தேங்காய்ச் சொட்டு மாதிரி ஒரு கட்டி பெயர்ந்தது, அதற்குக் கீழே பாறை மாதிரி மண். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். என்னத்தைப் புதைக்கிறான் என்று நினைத்தாரோ தெரியாது.

ஏப்ரலில் பனி கரைந்த கையோடு திரும்பவும் இறங்கினேன். அது அடுத்த பிழை. மண் களி மாதிரி. அப்படியே பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு ஒரு மணித்தியாலம் கார் ஓடிப் போனால், நாலு மணிக்குப் பூட்டும் மண் ஆய்வுகூடக் கவுண்டருக்கு நான் போய்ச் சேர்ந்தது நாலு பத்துக்கு. உள்ளே ஆள் நிற்கிறது. கண்ணாடியைத் தட்டினேன். சுவரில் இருந்த நேரத்தை விரலால் காட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். வெளியில் இருந்த பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தேன். மூன்று கிழமை கழித்து ஒரு மின்னஞ்சல்: பை ஒழுகிவிட்டது, பேனையால் எழுதிய பெயர் அழிந்துவிட்டது, என்ன பயிர் என்ற கட்டமும் நிரப்பவில்லை, புதிதாக அனுப்பவும். காசும் புதிதாகக் கட்டவும்! பயிர்க் கட்டத்தைச் சும்மா விட்டால் எண்கள் மட்டும்தான் வரும், எதை எவ்வளவு போடுவது என்ற பரிந்துரை வராது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். வசந்தத்தில் ஊரே மண் அனுப்பும், வரிசை நீளம். முடிவு வர ஜூன் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

இந்த ஒக்டோபரில்தான் சரியாகச் செய்தேன். பன்னிரண்டு இடத்தில், குறுக்கும் மறுக்குமாக, நாலு அங்குல ஆழம். மேலே இருக்கும் புல்லையும் காய்ந்த சருகுப் படையையும் நீக்கிவிட வேண்டும். வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், தகர வாளியின் துத்தநாகப் பூச்சு கலந்து கணக்கைக் கெடுத்துவிடும். பேஸ்மென்ரில் பேப்பர் விரித்து இரண்டு நாள் காயவிட்டேன். அவசரத்துக்கு ஓவனில் வைத்துவிடாதீர்கள், சூடு முடிவை மாற்றிவிடும். (மனைவி ஓவனைத் தொட விடவும் மாட்டார்.) உரம் போட்டிருந்தால் ஒன்றரை, இரண்டு மாதமாவது பொறுங்கள். பத்து நாளில் முடிவு வந்துவிட்டது.

இலையுதிர் காலம்தான் சரி என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சுண்ணாம்பு உண்மையாகவே தேவைப்படுகிற மண்ணென்றால் அது வேலைசெய்ய மாதக் கணக்காகும். இப்போது போட்டால் நிலம் உறைந்து உருகும்போது வெடிப்புகளுக்குள்ளால் கீழே இறங்கும். அடுத்தமுறை சோதிக்கும்போதும் இதே பருவத்தில் எடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

றோட்டோரத் துண்டு மட்டும் வேறு கதை. குளிர்காலம் முழுக்க றோட்டுப் பனி உருக அங்கே உப்புக் கொட்டுகிறார்கள். அந்த மண்ணை மற்றதோடு கலந்தால் இரண்டு முடிவும் பழுது. உப்பைப் பார்ப்பதென்றால் வசந்தமே நல்லது, மழை கழுவிக்கொண்டு போவதற்கு முதல். அதற்குத் தனிப்பை, இம்முறை அழியாத மார்க்கர்.

அறிக்கையில் பொஸ்பரஸ் தேவைக்கு மேலே, உக்கின இலைகுழை போன்ற சேதனப்பொருள் குறைவு. வீடு கட்டியவர்கள் மேல்மண்ணை வழித்துவிட்டுக் களிமண்மேல் மெல்லிய படையாகப் பரப்பினால் வேறென்ன இருக்கும். கந்தகம் போட்டுக் காரத்தை இறக்கலாமோ என்று பார்த்தேன். சுண்ணாம்பு ஊறின மண்ணில் போடப்போடக் கந்தகத்தை அந்தச் சுண்ணாம்பே தின்றுவிடுமாம், காசு தண்டம். ஆகவே கால் அங்குலம் கொம்போஸ்ட், வெட்டின புல்லை அள்ளாமல் விடுவது, நவம்பர் கடைசியில் விதை. அது பனிக்குக் கீழே கிடந்து வசந்தத்தில் முளைக்கும்.

மிஞ்சின அரை மூட்டைச் சுண்ணாம்பு கராச்சில் கிடந்தது. நேற்று அண்ணை வந்தார். "நீர் பாவிக்காட்டி எனக்குத் தாருமன்."

"முதல் உங்கட மண்ணை அனுப்பிப் பாருங்கோ அண்ணை."

"எனக்குத் தெரியாத மண்ணோ?" என்றபடி மூட்டையைத் தூக்கிக் காரில் வைத்தார்.