குழம்பா, வறுவலா என்று கேட்கிற கடை

சென்னைக்கு வந்த முதல் இரண்டு வருஷம் நான் ஒழுங்கான ஆட்டுக்கறி சாப்பிடவில்லை. ஞாயிறு தவறாமல் வாங்கத்தான் செய்தேன், ஆனால் வாயில் போட்டால் கறியா ரப்பரா என்று சந்தேகம் வரும்.

எனக்கு ஊர் எட்டயபுரம் பக்கம். சனிக்கிழமை ஆட்டுச்சந்தை கூடுகிற ஊர், கன்னி ஆடும் கொடி ஆடும் மேய்கிற கரிசல் காடு. மேலத்தெருவில் கிடாய் உரிக்கிறார்கள் என்று காலையில் சேதி வந்தால் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டியதுதான், தரையில் இலை விரித்துக் கூறு போட்டு வைத்திருப்பார்கள், ஒரு கூறில் கொஞ்சம் தொடை, கொஞ்சம் எலும்பு, ஒரு துண்டு ஈரல், ஒரு பிடி குடல் எல்லாம் கிடக்கும். அது யார் வீட்டு ஆடு, என்ன வயசு என்று தெருவுக்கே தெரியும். அதனால் கறி பார்த்து வாங்கத் தெரியாமலே வளர்ந்துவிட்டேன். இது எனக்கு அயனாவரத்தில் வாடகைக்கு வந்த பிறகுதான் புரிந்தது.

முதலில் போனது கண்ணாடி போட்ட, பளிச்சென்ற ஒரு கடை. தொங்குகிற தொடையைக் காட்டி ஒரு கிலோ கேட்டேன். தொடையிலிருந்து நாலு துண்டு வெட்டினார்கள், மீதி கட்டைக்குப் பின்னால் ஏற்கெனவே வெட்டிக் குவித்து வைத்திருந்ததிலிருந்து வந்தது, நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் குக்கர் எட்டு விசில் அடித்தும் கறி அசையவில்லை. குழம்பு ஆறியதும் மேலே வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு கட்டிக்கொண்டது, வெள்ளாடு என்று காசு கொடுத்து கிழட்டுச் செம்மறியை வாங்கி வந்திருக்கிறேன். அப்புறம் கொஞ்ச நாள் ஆப்பில் வாங்கினேன். சுத்தமாகத்தான் வந்தது, குறை சொல்ல முடியாது, ஆனால் பாக்கெட்டுக்கு அடியில் தண்ணீர் நிற்கும், பிரியாணிக்கும் சுக்காவுக்கும் ரசத்துக்கும் ஒரே அளவுத் துண்டுதான். அரைக்கிலோவில் எத்தனை எலும்பு என்பது நம் அதிர்ஷ்டம்.

2018 நவம்பரில் எழும்பூர் ஸ்டேஷனில் ராஜஸ்தானிலிருந்து ரயிலில் வந்த 2,000 கிலோ அளவு கறியைப் பிடித்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நாய்க்கறி என்று ஊரே அலறியது. கடைசியில் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சோதித்துப் பார்த்து ஆட்டுக்கறிதான் என்று சொன்னார்கள். ஆனால் வதந்தி ஓடிய வேகத்துக்கு அந்த முடிவு ஓடவில்லை, ஆபீசில் பாதிப் பேர் வாரக்கணக்கில் மட்டனைத் தொடவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஓட்டேரிக்காரரான சீனியர் ஒருவர், "நீ முதல்ல வாலைப் பார்க்கக் கத்துக்கோ" என்று சொல்லி அவர் வாங்குகிற கடைக்குக் கூட்டிப்போனார். நம் கடைகளில் உரித்த ஆட்டில் வாலை மட்டும் விட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. வெள்ளாட்டு வால் சின்னதாக மேலே தூக்கி நிற்கும், செம்மறி வால் கீழே தொங்கும். இத்தனை வருஷமாக அது எதற்கு அங்கே இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை.

கடை என்றால் பத்துக்குப் பத்து இடம், நடுவில் புளியமரக் கட்டை, வருஷக்கணக்கில் வெட்டு வாங்கி நடுப்பகுதி தாம்பாளம் மாதிரிக் குழிந்திருந்தது. பெயர்ப்பலகை கூடக் கிடையாது. நான் ஒரு கிலோ என்று சொன்னதும் கடைக்கார பாய் கத்தியைத் தூக்கவில்லை.

"கொழம்பா, வறுவலா தம்பி?"

அதுவரை எந்தக் கடையிலும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. குழம்பு என்றேன். முன்னங்காலும் நெஞ்செலும்பும் கொஞ்சம் கழுத்தும் போட்டார். வறுவல் என்றால் தொடை தருவாராம். பிரியாணிக்குக் கை அளவுத் துண்டு, சுக்காவுக்குச் சுண்டுவிரல் நுனி அளவு. தொடைக்கறியே வேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்கு, "கொழம்புக்குத் தொடை போட்டா சக்கைதான் மிஞ்சும், எலும்பு இருந்தாத்தான் ருசி இறங்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு நல்லியும் சேர்த்துப் போட்டார். அன்றைக்கு நாலு விசில்தான்.

அதிலிருந்து எந்தப் பேட்டைக்குக் குடி மாறினாலும் கறிக்கடையை இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். என்ன சமைக்கப் போகிறாய் என்று கேட்காமல் வெட்டுகிறவருக்கு, கையில் இருப்பதைத் தள்ளிவிட்டால் போதும். கேட்கிறவர் நம்மை அடுத்த ஞாயிறும் எதிர்பார்க்கிறார்.

மீதியெல்லாம் கடை வாசலில் நின்று நின்று கற்றதுதான். இளங்கிடாய்க் கறி வெளிர்சிவப்பாக இருக்கும், விலா எலும்பு மெலிசாக உள்ளே சிவப்போடியிருக்கும். கறி கருஞ்சிவப்பாகி எலும்பு வெள்ளையாகக் கனத்துவிட்டால் வயசான ஆடு. வெள்ளாட்டுக்குத் தோலுக்கு அடியில் அவ்வளவாகக் கொழுப்பு இருக்காது, உள்ளே சிறுநீரகத்தைச் சுற்றித்தான் இருக்கும், முதுகு முழுக்க வெள்ளைப் போர்வை போர்த்திய மாதிரி இருந்தால் நான் வாலைப் பார்ப்பேன். பல் போடாத குட்டி என்று எல்லாக் கடையிலும் சத்தியம் பண்ணுவார்கள், தலை அங்கேயே இருந்தால் வாயைத் திறந்து காட்டச் சொல்லலாம், முன்வரிசைப் பாற்பல் விழுந்து பெரிய பல் இரண்டு வந்திருந்தால் ஆட்டுக்கு ஒரு வயசு தாண்டிவிட்டது. (நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். பாய் முறைத்த முறைப்பில் இன்னொரு தடவை கேட்கத் தைரியம் வரவில்லை.) மாநகராட்சி முத்திரை இருக்கிறதா என்று மட்டும் கூச்சப்படாமல் கேளுங்கள். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி மாதிரி மாநகராட்சி அறுப்புக்கூடங்களில் கால்நடை டாக்டர் பார்த்து அறுத்த ஆட்டில்தான் அந்த மை முத்திரை விழும்.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் நான் பண்ணிக்கொண்டிருந்தது சுத்தத் தப்பு. விடிகாலை அறுத்த கறியை வாங்கி வந்து அப்படியே ஃபிரீசரில் தள்ளுவேன். கால்நடை மருத்துவம் படித்த சித்தப்பா மகன் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைக்குமாம், அது தளர்வதற்கு முன்னால் கடுங்குளிரில் போட்டால் சுருங்கி இறுகிவிடும், பிறகு எத்தனை விசில் விட்டாலும் இளகாது. வாங்கியதும் சமைத்துவிடு, இல்லையென்றால் ஒரு நாள் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு மேலே ஏற்று என்றான். முதல் கடைக்காரரை நான் திட்டிய திட்டில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மீதிப் பாதி அவருக்கேதான்.

நேரமும் முக்கியம். ஆறரைக்குள் போனால் கேட்டது கிடைக்கும், ஒன்பதுக்குப் போனால் இருப்பதுதான் கிடைக்கும். புரட்டாசியில் கடை காற்று வாங்கும், பாய் ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவார், நான் பாதிப் பாடம் படித்தது அந்த மாசங்களில்தான். மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் எல்லாம் கடை மூடல் என்பதை மறந்து போய் ஷட்டரைப் பார்த்துத் திரும்பியதும் உண்டு. 2019-இல் பிளாஸ்டிக் பையைத் தடை செய்த பிறகு தாமரை இலையில் கட்டித் தருகிறார், நான் ஊர்ப் பழக்கத்தில் தூக்குச்சட்டியோடு போய் நிற்பதைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு.

போன வருஷம் மனைவி பிரசவம் முடிந்து வீட்டில் இருந்தபோது அம்மா சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி வரச் சொன்னாள். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான் இருக்கும், அதற்கு வரிசை கட்டி ஆள் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். பாய் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த மூன்று மாசம் ஞாயிறுதோறும் கறியோடு சின்னதாக ஒரு தாமரை இலைப் பொட்டலம் தனியாக வந்தது. காசு கொடுத்தால் வாங்குவார், ஆனால் வேறு யாராவது கேட்டால் "இன்னிக்கு இல்லைங்க, தீர்ந்துடுச்சு" என்று அந்தப் பொட்டலத்தை வைத்துக்கொண்டே முகம் மாறாமல் சொல்வார்.

அப்படித் திரும்பிப் போனவர்களில் முன்பு நானும் ஒருவனாக இருந்திருப்பேன்.