காட்டு வெஸ்ட், நான்காம் முறை: பாக்கெட் மூலை ஒருவழியாக நின்றது

காட்டில் நடக்கும்போது போட்டுக்கொள்ள, நிறையப் பாக்கெட் வைத்த கையில்லாத மேல்சட்டை (வெஸ்ட்) ஒன்றை நானே தைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று இரவு பதினொன்றரைக்கு அதன் வலப்பக்கப் பாக்கெட்டின் கடைசித் தையலைப் போட்டேன். ஒரு கிலோ மணலைக் கவரில் கட்டி உள்ளே திணித்து, வெஸ்டை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இருபது முறை திடுதிடுவென்று இறங்கினேன். மூலை அசையவில்லை. கழற்றி டார்ச் அடித்து உள்பக்கம் பார்த்தேன். ஊசி போன ஓட்டைகள்கூட விரியவில்லை. மூன்று வெஸ்டுகளை வீணாக்கிய பிறகு கிடைத்த மூலை இது. முதுகுப்பக்கம் இன்னும் வெட்டாமலே கிடக்கிறது. இருந்தாலும் இதை இன்றே எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

இந்தக் கிறுக்கு எனக்கு ஒரு யானையால் வந்தது. நீலகிரிச் சரிவில், வனக் காவலர் ஒருவர் வழிகாட்ட ஆறு பேர் நடந்துகொண்டிருந்தோம். ஒரு திருப்பத்தில் ஒற்றை யானை. அவர் குரலை உயர்த்தாமல், "பையைப் போட்டுட்டு கீழ இறங்குங்க" என்றார். போட்டோம், இறங்கினோம். திரும்பி வந்து பைகளை எடுக்க நான்கு மணி நேரம் ஆனது. அந்த நான்கு மணி நேரமும் என் விசில், டார்ச், தண்ணீர், மாத்திரை எல்லாம் மேலே பாதையில் கிடந்தன. பேன்ட் பாக்கெட்டில் சிக்னல் இல்லாத போன் மட்டும்தான். ஓர் இரவைத் தாண்டத் தேவையான எதையும் இனிமேல் பையில் வைக்கக்கூடாது, உடம்பில்தான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

விமானிகளுக்கு இந்தக் கணக்கு எப்போதோ தெரியும். பாராசூட்டில் குதித்தவனிடம் உடம்பில் கட்டியிருப்பது மட்டும்தானே மிஞ்சும்? வியட்நாம் போர்க் காலத்து அமெரிக்க விமானிகளின் எஸ்ஆர்யு-21/பி வெஸ்ட், வலைத்துணி மேல் சின்னச் சின்னப் பாக்கெட்டுகளைத் தைத்தது. மீன்பிடி வெஸ்டுக்கு 1930களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தூண்டில்காரர் லீ வுல்ஃப் கொடுத்த வடிவம் இன்னொரு முன்மாதிரி. இரண்டையும் படம் பார்த்துப் பார்த்து வரைந்தேன். இரண்டுமே நமக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் வெஸ்டின் மேல் முதுகுப்பை மாட்டுவதில்லை. நாம் மாட்டுகிறோம்.

பையை மாட்டிப் பார்த்தால்தான் வெஸ்டில் எவ்வளவு இடம் காணாமல் போகிறது என்று தெரியும். மார்பின் மேல்பகுதியைத் தோள்பட்டிகள் விழுங்கிவிடும். அடிவயிற்றை இடுப்புப் பட்டை விழுங்கிவிடும். என் உடம்பில் தோள் தையலிலிருந்து 24 செ.மீ. கீழே தொடங்கி 42 செ.மீ. வரைக்கும்தான் கைக்கு எட்டுகிற, பை அழுத்தாத இடம். அதிலும் பாக்கெட் நான்கு செ.மீ. தாண்டிப் புடைத்தால் கல்படியில் இறங்கும்போது நம் கால் நமக்கே தெரியாது. இரண்டாவது வெஸ்டை வெள்ளியங்கிரிக்குப் போட்டுப் போனபோது இறங்கும் வழியெல்லாம் வயிற்றைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டே படி பார்த்தேன். அதனால் இப்போது பாக்கெட் அளவு 15க்கு 17, ஆழம் 3.5 செ.மீ. தோள் தையலையும் மூன்று செ.மீ. முன்னால் தள்ளிவிட்டேன். உச்சியிலேயே தையல் இருந்தால் பைப்பட்டி அதன் மேல் உட்கார்ந்து ஒரே நாளில் தோல் உரிந்துவிடும்.

சரி, மூலைக்கு வருகிறேன்.

பெட்டி மாதிரி ஆழமுள்ள பாக்கெட் என்றால் முன்துண்டைச் சுற்றி ஒரு பட்டி ஓட வேண்டும். பட்டி இடப்பக்கம் இறங்கி, அடியில் போய், வலப்பக்கம் ஏறும். நேர்ப்பகுதி குழந்தைகூடத் தைத்துவிடும். அந்த இரண்டு கீழ் மூலைகளில்தான் உயிர் போகிறது. துணி 500 டினியர் கார்டுரா என்கிற முரட்டு நைலான், உள்பக்கம் தண்ணீர் புகாத பியு பூச்சு. மடங்கவும் மாட்டேன் என்கிறது, சுருங்கவும் மாட்டேன் என்கிறது. என்னிடம் இருப்பது அம்மாவின் பழைய கறுப்பு உஷா. நேர்த்தையல் மட்டும்தான் போடும். ஆனால் இரும்பு உடம்பு, எதையும் குத்திவிடும்.

முதல் வெஸ்டில் மூலையில் பட்டியை ஒரு மடிப்பு மடித்துத் தைத்தேன். எட்டு அடுக்குத் துணி ஒரே இடத்தில் சேர்ந்து கொழுக்கட்டை மாதிரி நின்றது. இரண்டாவதில் மடிப்பை விட்டுவிட்டு, தையலுக்கு விட்ட ஒரு செ.மீ. ஓரத்தில் மூலைக்கு நேராக ஒரே வெட்டு கொடுத்துத் திருப்பினேன். பார்க்கக் கச்சிதம், பெட்டி மாதிரியே இருந்தது. மூன்றாவதிலும் அதையே செய்தேன். அரை லிட்டர் மடக்குத் தண்ணீர்ப்பையோடு ஒரு நாள் முழுக்க இறங்கியதில், வெட்டின் நுனி தையலைத் தாண்டிக் கிழிந்து, மூலை வாய் திறந்துவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டாவதை எடுத்துப் பார்த்தால் அதிலும் கிழிசல் தொடங்கியிருந்தது. பாரம் முழுவதும் அந்த ஒரு வெட்டின் நுனியில் போய் உட்காருகிறது. அங்கே கிழியாமல் வேறெங்கே கிழியும்?

டவுன்ஹால் பக்கம் பள்ளிக்கூடப் பைகள் தைக்கும் ஓர் அண்ணனிடம் கிழிந்த பாக்கெட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். விரலால் மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சதுரமா எதுக்குங்க தம்பி திருப்பறீங்க? ஒரு ஸ்கூல் பேக்லயாவது சதுர மூலை பாத்திருக்கீங்களா?" என்றார். பார்த்ததில்லை. எல்லாப் பைக்கும் மூலை உருண்டைதான். இத்தனை நாள் கண்முன்னே இருந்தது!

2.5 செ.மீ. ஆரத்தில் மூலையை உருட்டினேன். காபி டம்ளரின் அடியை வைத்து வரைந்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வருகிறது. பட்டியின் ஓரத்தில் ஒரே வெட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு மூலைக்கும் ஆறு வெட்டு, ஆறு மி.மீ. இடைவெளியில். ஒவ்வொன்றும் ஐந்து மி.மீ. ஆழம்தான். ஒரு செ.மீ. ஓரத்தில் பாதியோடு நிறுத்திவிட வேண்டும், தையல் கோட்டுக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது. தைத்தேன். மூலை அழகாக வந்தது, அடிப்பக்கம் அலை அலையாக நெளிந்தது. பிரித்தேன், மறுபடி தைத்தேன், மறுபடி நெளிந்தது. ஊசியைச் சந்தேகப்பட்டேன், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைச் சந்தேகப்பட்டேன், பல் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டேன். இரண்டு இரவுகள் இதிலேயே போயின.

காரணம் கணக்கில் இருந்தது. சதுர மூலைக்குப் பட்டியின் நீளம் 17, 15, 17 சேர்த்து 49 செ.மீ. அதையே வைத்துக்கொண்டிருந்தேன். சதுரமாகத் திரும்பினால் ஒரு மூலையில் 5 செ.மீ. போக வேண்டும், 2.5 ஆரத்தில் வளைந்தால் 3.93 தான் போகும். இரண்டு மூலைக்கும் சேர்த்து 2.1 செ.மீ. மிச்சம். அந்த மிச்சம்தான் அடியில் நெளிந்துகொண்டிருந்தது. பட்டியை 46.9க்குக் குறைத்தேன், ஒரு நெளிவுகூட இல்லை. உருண்டை மூலை போடுகிறவர்கள் தயவுசெய்து முதலில் இதைக் கணக்குப் போடுங்கள்.

தைக்கும் வரிசையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை ஒரே ஓட்டமாக ஓட்டினால் மேல்துணி மெல்ல மெல்ல நகர்ந்து கடைசியில் நான்கைந்து மி.மீ. தள்ளி நிற்கும். அடிப்பக்கத்தின் நடுவில் குறி வைத்து, அங்கிருந்து ஒரு பக்கம், மறுபடி அங்கிருந்தே இன்னொரு பக்கம் என்று தைக்க வேண்டும். வெட்டு கொடுத்த பட்டி மேலே இருக்கட்டும். வெட்டுகள் விரிவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூலை வந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கைச்சக்கரத்தைத்தான் சுற்றுகிறேன். இரண்டு தையல், ஊசியைத் துணிக்குள்ளேயே இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, துணியைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி இரண்டு தையல். நேர்ப்பகுதியில் தையல் நீளம் மூன்று மி.மீ., வளைவில் இரண்டு. ஒரு மூலைக்கு ஏழெட்டு நிமிடம் ஆகிறது, ஆகட்டும். குண்டூசி மட்டும் வேண்டாம். பூச்சுத் துணியில் ஓட்டை அப்படியே நின்றுவிடும். ஆபீஸ் பைண்டர் கிளிப் போதும்.

நூலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர்ப் பக்கம் செருப்புத் தொழிலுக்குப் போகும் பாண்டட் நைலான் (இழைகளை ஒட்டிய நைலான் நூல்), தடிமன் டெக்ஸ் 70. சட்டைத்துணி நூலை வைத்து இந்த வேலையைத் தொடவே கூடாது. நூல் மாற்றியதும் தையல் விட்டு விட்டு விழுந்தது. 16ஆம் நம்பர் ஊசியை எடுத்துவிட்டு 18 போட்டதும் நின்றது. பாபின் கேஸ் திருகைக் கால் சுற்று தளர்த்தினேன். கோனை மெஷின் பக்கத்தில் தரையில் நிறுத்தி, அதற்கு நேர் மேலே ஒரு கம்பி வளையம் கட்டி நூலை அதன் வழியாக விட்டேன். பக்கவாட்டில் இழுத்தால் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழும். இணையத்தில் வாங்கிய ஒரு கோன் டெக்ஸ் 70 என்று போட்டிருந்தும் பாதி தடிமன்தான் இருந்தது; திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. இப்போது கடைக்கே போய் கையால் இழுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

முதல் வெஸ்டில், ராணுவப் பைகளில் வருகிற மோலி முறையில் நாடா வரிசைகளும் தைத்திருந்தேன். 25 மி.மீ. நாடா, 25 மி.மீ. இடைவெளி, 38 மி.மீ.க்கு ஒரு குறுக்குத் தையல். பாக்கெட்டை இஷ்டத்துக்குக் கழற்றி மாட்டலாம் என்று ஆசை. காலி வெஸ்டே 780 கிராம் வந்தது. உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்தால் ஒவ்வொரு நாடா இடுக்கிலும் ஒரு முள்கிளை தொங்கும். வெல்க்ரோவும் போய்விட்டது. நாயுருவி விதையும் ஒட்டுப்புல்லும் கொக்கிப் பக்கத்தை நிரப்பிவிட்டால் அது பிறகு ஒட்டவே ஒட்டாது. திறக்கும்போது 'சர்ர்ர்' என்ற சத்தம் வேறு, காட்டில் அந்தச் சத்தத்தை நான் விரும்பவில்லை. முதல் வெஸ்டின் பித்தளை ஜிப், அட்டைப்பூச்சிக்காக வைத்திருந்த உப்புப் பொட்டலம் மழையில் கரைந்ததில் பச்சை பூத்து இறுகிவிட்டது. இப்போது பாக்கெட்டுகளுக்கு ஐந்தாம் நம்பர் நைலான் சுருள் (காயில்) ஜிப். அட்டைப்பூச்சிக்கு மூக்குப்பொடி டப்பா.

உள்ளே என்ன வைப்பது என்பதில் வெளிநாட்டுப் பட்டியல்களைப் பார்த்து நானும் ஏமாந்திருக்கிறேன். அவர்கள் மார்புப் பாக்கெட்டில், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் இருக்கும். நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் கருவியை வைத்திருந்தாலே வழக்கு. வெளிநாட்டுப் பயணிகளே விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். தீக்கல்லும் லைட்டரும் வேண்டாம். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம், மூட்டவும் கூடாது. பாம்புக்கடிக்கு என்று விற்கும் உறிஞ்சு பம்பையும் தூக்கிப் போட்டுவிட்டேன். கடிவாயைக் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எல்லாமே கெடுதல். அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்குச் சீக்கிரம் கொண்டுபோவதுதான் வழி. அதனால் அந்த இடத்தில் கை காலைத் தாங்கிக் கட்ட ஒரு முக்கோணத் துணியும் நான்கு அங்குல க்ரேப் பேண்டேஜும்.

விசில் இடத் தோளில், கை படாமலே வாய்க்கு எட்டும்படி. உள்ளே குண்டு இல்லாத வகை, நனைந்தாலும் ஊதும். மூன்று ஊதல், நிறுத்தம், மறுபடி மூன்று. என்னோடு வருகிற எல்லோருக்கும் கிளம்பும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றபடி தலைவிளக்கு, மின்னும் அவசரப் போர்வை இரண்டு, ஓஆர்எஸ் மூன்று பொட்டலம், குளோரின் மாத்திரை, மழைக்கோட்டு, தண்ணீர். இந்த அடைசலோடு மொத்தம் 1.7 கிலோ.

துணியைப் பற்றி ஒரு சங்கடம் இன்னும் தீரவில்லை. நைலானும் பாலியெஸ்டரும் தீயில் உருகி உடம்போடு ஒட்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் தீ பிடித்து 23 பேர் போனதை மலையேறும் யாரும் மறக்க முடியாது. காய்ந்த புல் மலையில் நடக்கும்போதெல்லாம் என் மேல் இருக்கும் துணி நினைவுக்கு வருகிறது. பருத்தி உருகாது, கருகும். ஆனால் மழைக்காலத்தில் பருத்தி கேன்வாஸ் நனைந்தால் இரண்டு மடங்கு கனக்கும், காயாது, குளிரில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இரண்டு காலத்துக்கும் ஒரே வெஸ்ட் என்ற ஆசையை விட்டுவிட்டேன். இது மழைக்காலத்துக்கு. அடுத்தது கோடைக்கு, தடித்த பருத்தி கேன்வாஸில், பருத்தி நூலில். மூலை அச்சை அட்டையில் வெட்டி வைத்துவிட்டதால் அது சீக்கிரம் முடியும். கேன்வாஸுக்குக் கரூரில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறார் அந்த அண்ணன். அப்படியே மகளுக்கும் ஒன்று, சின்னதாக, விசிலும் போர்வையும் மட்டும் வைக்கிற மாதிரி.

அதற்கு முன் இதன் முதுகை முடிக்க வேண்டும். வலைத்துணிதான், வியர்வைக்கு வேறு வழியில்லை. பெரிய கண் வலை உண்ணி முள்ளில் மாட்டிக் கிழிகிறது. ஷூவுக்குள் போடும் ஸ்பேசர் வலையை ஒரு துண்டு வாங்கிப் புதரில் இழுத்துப் பார்த்தேன், தாங்குகிறது. வெஸ்டின் வெளிநிறம் மங்கல் பச்சை. தேடி வருபவர்கள் கண்ணில் பட, கழுத்துக்குக் கீழே ஒரு பட்டைக்குள் 45க்கு 60 செ.மீ. ஆரஞ்சுத் துணியை மடித்து வைக்கப் போகிறேன். இழுத்தால் முதுகில் விரியும், பை மாட்டியிருந்தால் பையின் மேலும் விழும். அதை ஒரு கையால் இழுக்க வர வேண்டும், புதர் இழுத்து வரக்கூடாது. ஸ்னாப் பட்டனா, செருகு மடிப்பா என்று இன்னும் முடிவாகவில்லை.

சனிக்கிழமை திருப்பூர் காதர்பேட்டை போகிறேன். ஸ்பேசர் வலை முக்கால் மீட்டர், முன்பக்கத்துக்கு எட்டாம் நம்பர் இருவழி ஜிப் ஒன்று, 25 மி.மீ. நாடா நான்கு மீட்டர், ஜிப் ரன்னர் இரண்டு கூடுதலாக.