அம்மாவோடு சாங்கியில் ஒரு பகல்: திருச்சியிலிருந்து மெல்பர்ன் போன கதை

திருச்சியிலிருந்து மெல்பர்னுக்கு நேரடி விமானம் கிடையாது. ஆஸ்திரேலியாவில் பிள்ளைகள் இருக்கும் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் பலரும் சிங்கப்பூர் வழியாகத்தான் போய்வருகிறார்கள். தங்கைக்குப் பிரசவ நேரம் என்பதால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நானும் அதே வழியில் போனேன். காலையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினால் ராத்திரிதான் அடுத்த விமானம். அம்மாவுக்கு முட்டிவலி உண்டு, சர்க்கரையும் உண்டு. மெதுவாக நடப்பார், ஆனால் சேர்ந்தாற்போல ரொம்ப தூரம் முடியாது. வயதானவர்களோடு அந்த விமான நிலையத்தைக் கடக்கப் போகிறவர்களுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட். திருச்சி–சிங்கப்பூர் ஒன்று, சிங்கப்பூர்–மெல்பர்ன் ஒன்று என்று தனித்தனியாக எடுத்தால் சில சமயம் விலை குறையும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். தனித்தனி டிக்கெட் என்றால் பெட்டி பெரும்பாலும் சிங்கப்பூரிலேயே இறங்கிவிடும். அதை எடுக்கக் குடிநுழைவை, அதாவது பாஸ்போர்ட் சோதிக்கும் இடத்தை, தாண்டி வெளியே வர வேண்டும். வெளியே வர இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அனுமதி வேண்டும். பெரியவர்களை அந்த அலைச்சலில் மாட்டிவிடக் கூடாது. மொத்தப் பயணமும் ஒரே முன்பதிவில் இருந்தால், திருச்சியில் போடும் பெட்டி நேராக மெல்பர்னில்தான் கைக்கு வரும். அப்போதும் கவுண்டரில் பெட்டியில் ஒட்டும் சீட்டை ஒரு தடவை பாருங்கள்; கடைசி ஊராக மெல்பர்ன் இருக்க வேண்டும். இரண்டு போர்டிங் பாஸையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

சக்கர நாற்காலி வேண்டும் என்பதை டிக்கெட் போடும்போதே பதிய வேண்டும். நான் பயணத்துக்கு முன்பும் விமான நிறுவனத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அம்மாவுக்கு முதலில் இதில் சம்மதமில்லை. "நடக்க முடியாதவங்கன்னு நினைச்சுக்குவாங்கடா" என்றார். முழுதாக நடக்க முடியாதவர், படி ஏற முடியாதவர், தூரம் நடக்க முடியாதவர் என்று அவர்களே தனித்தனியாகத்தான் குறித்துக்கொள்கிறார்கள் என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் சரி என்றார்.

திருச்சியின் புது முனையம் 2024இல் செயல்படத் தொடங்கியதிலிருந்து உள்ளே இடம் தாராளமாக இருக்கிறது. அங்கே சொல்லும்படியான சிரமம் எதுவும் இல்லை.

சாங்கியில் கவனம் தேவைப்படுவது இறங்கிய முதல் பத்து நிமிஷம். திருச்சி விமானத்தில் வருகிறவர்களில் பெரும்பாலானோர் சிங்கப்பூருக்கே போகிறவர்கள்: வேலைக்குத் திரும்புகிறவர்கள், உறவினரைப் பார்க்க வருகிறவர்கள். கதவு திறந்ததும் கூட்டம் மொத்தமும் வருகைப் பலகையைப் பார்த்து நடந்து, கீழே குடிநுழைவுக்கு இறங்கிவிடும். நம் ஊர்க்காரர்கள்தானே என்று அவர்கள் பின்னாலேயே போகக் கூடாது. விமானம் மாறிப் போகிறவர்கள் அதே தளத்திலேயே இருந்துவிட வேண்டும். சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் வந்து இறங்கியவர்களும் புறப்படப் போகிறவர்களும் ஒரே கூடத்தில்தான் நடமாடுகிறார்கள். கடைகள், தோட்டங்கள் எல்லாமே அங்கேதான். அதனால் விமானத்தைவிட்டு இறங்கியதுமே நீங்கள் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சக்கர நாற்காலி கேட்டவர்களை எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறக்குவார்கள். கதவருகே பட்டியலோடு நின்ற பெண் அம்மாவின் பெயரைச் சரிபார்த்து, தமிழிலேயே "அடுத்த விமானம் எத்தனை மணிக்கு அம்மா?" என்று கேட்டார். அதுவரை என் கையைப் பிடித்திருந்த அம்மா பிடியை விட்டது அப்போதுதான். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அந்த நாற்காலி விமானத்திலிருந்து விமானத்துக்குக் கொண்டுபோகத்தான், பகல் முழுக்கச் சுற்றிப் பார்க்க இல்லை. காத்திருக்கும் இடம் ஒன்றில் உட்காரவைத்து, ராத்திரி எத்தனை மணிக்கு எங்கே வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நடுவில் இருந்த நேரத்துக்குக் கைகொடுத்தது, கைப்பை வைத்துத் தள்ளும் சின்ன வண்டி. உள்ளே அங்கங்கே இலவசமாகக் கிடக்கும். பையை அதில் வைத்துவிட்டு அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நடந்தார். உடம்பின் பாரத்தில் கொஞ்சம் வண்டி வாங்கிக்கொண்டதால் முட்டி அவ்வளவாகப் படுத்தவில்லை. நீளமான இடங்களில் நகரும் நடைபாதை இருக்கிறது. அதில் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும் தோளைப் பிடித்துக்கொண்டால் போதும்.

வழி கண்டுபிடிப்பது சுலபம். கேட் எழுத்தைப் பார்த்தாலே முனையம் தெரிந்துவிடும். ஏ, பி மூன்றாம் முனையம். சி, டி முதல் முனையம். ஈ, எஃப் இரண்டாவது. ஜி, எச் நான்காவது. முதல் மூன்றையும் ஸ்கைட்ரெயின் என்ற குட்டி ரயில் இணைக்கிறது, நடந்தும் போகலாம். 2017இல் திறந்த நான்காவது மட்டும் தனியாக இருக்கிறது, பஸ்ஸில்தான் போக வேண்டும். உங்கள் அடுத்த விமானம் அங்கிருந்து என்றால் நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள்.

வெளியே போய் ஊரைப் பார்த்துவிட்டு வரலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா இருந்தால், மூன்றாம் நாட்டுக்குப் போகும் வழியில் இந்தியர்கள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் சிங்கப்பூருக்குள் போக வழி உண்டு. உள்ளே விடுவதா வேண்டாமா என்ற முடிவு குடிநுழைவு அதிகாரியுடையது. ஆஸ்திரேலிய விசா பாஸ்போர்ட்டில் ஒட்டப்படுவதில்லை என்பதால் விசா கொடுத்த கடிதத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருக்க வேண்டும். வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் இல்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் யாராவது கூட வந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை இருக்கிறது. குடிநுழைவைத் தாண்டாமல் உள்ளேயே இருந்து மாறிப்போனால் வருகை அட்டையும் தேவையில்லை.

எங்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தும் போகவில்லை. வெயிலில் அம்மாவை அலையவைத்துத் திரும்பக் கூட்டிவருவதைவிட, குளிரூட்டிய கூடத்தில் நாலெட்டுக்கு ஒரு கழிவறை இருக்கும் இடத்தில் பகலைக் கழிப்பதுதான் நல்லது என்று எனக்குப் பட்டது. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் என்ற கட்டடத்துக்குள் இருக்கும் 40 மீட்டர் அருவியைப் பார்க்கவாவது வெளியே போக வேண்டாமா என்று தோன்றும். 2019இல் திறந்த ஜூவல் குடிநுழைவுக்கு வெளியேதான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் முனையத்துக்கும் மூன்றாம் முனையத்துக்கும் நடுவே ஓடும் ஸ்கைட்ரெயின் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து போகிறது. உள்ளே இருக்கும் பயணிகளுக்கான ரயிலிலிருந்தும் கண்ணாடி வழியே அருவி தெரியும். கூரையின் வட்டத் துளையிலிருந்து தண்ணீர் ஒரே கம்பமாக இறங்குகிறது. சுற்றிலும் அடுக்கடுக்காகக் காடு. நன்றாகப் பார்ப்பதற்குள் ரயில் தாண்டிவிடும். காசா பணமா, அம்மா கேட்டார் என்று திரும்ப ஏறி மறுபடி பார்த்தோம். பகலில் போங்கள், ராத்திரி நேரமாகிவிட்டால் அருவியை நிறுத்திவிடுவார்கள்.

அம்மாவுக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாம் முனையத்தின் வண்ணத்துப்பூச்சித் தோட்டம். அதற்குள் குளிரூட்டம் கிடையாது, நம் ஊர் ஆடி மாதப் புழுக்கம் இருக்கும். வெளியே ஏசியில் விறைத்திருந்த முட்டிக்கு அந்தச் சூடே இதமாக இருந்தது என்றார். பூச்சிகளுக்கென்று அன்னாசித் துண்டுகளை வைத்திருந்தார்கள். அதன் மேல் உட்கார்ந்த ஒன்று சுருட்டி வைத்திருந்த உறிஞ்சுகுழலை மெதுவாக நீட்டிச் சாறு குடித்ததை அம்மா அசையாமல் நின்று பார்த்தார். அருகிலேயே உட்கார இடமும் இருந்தது.

சாப்பாட்டுக்கு இட்லி, மிளகாய்ப்பொடி, சப்பாத்தி கட்டிக்கொண்டு போயிருந்தோம். குழாய்த் தண்ணீரே அங்கே குடிக்கலாம். பாட்டில் நிரப்பிக்கொள்ள அங்கங்கே குழாய் வைத்திருக்கிறார்கள். மாத்திரைகள் மொத்தமும், மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் இருக்க வேண்டும். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அம்மாவின் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவிட்டு மாத்திரையை அதைப் பார்த்தே கொடுத்தேன், விமான நேரத்தை மட்டும் திரையில் பார்த்துக்கொண்டேன். சார்ஜர் அடாப்டரும் மறக்க வேண்டாம்: சிங்கப்பூரில் சதுரக் கால் மூன்று முள், ஆஸ்திரேலியாவில் சாய்ந்த தட்டை முள். நம் ஊர்ப் பிளக் இரண்டிலும் சேராது.

இனி எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். முதல் மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை நுழைவில் இல்லை, ஒவ்வொரு கேட்டின் வாசலிலும் இருக்கிறது. திருச்சியில் சோதனை முடித்து வந்தவர்களுக்கும் இங்கே மறுபடி உண்டு. பகல் முழுக்க நிரப்பிக் குடித்த பாட்டிலை இங்கே காலி செய்ய வேண்டும். ஊறுகாய், துவையல், நெய் மாதிரி குழம்பாகவோ திரவமாகவோ இருப்பது 100 மில்லிக்கு மேல் கைப்பையில் இருந்தால் போய்விடும். அதெல்லாம் திருச்சியிலேயே பெரிய பெட்டிக்குள் போக வேண்டியது.

பெரியவர்களைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருக்கிறது. பல கேட்டுகளில் சோதனையைத் தாண்டி உள்ளே உட்கார்ந்துவிட்டால் அங்கே கழிவறை கிடையாது. போக வேண்டுமென்றால் வெளியே வந்து, திரும்பச் சோதனை வரிசையில் நின்றுதான் உள்ளே வர வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. அழைத்துப் போக வந்த இளைஞரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கு நேராகப் போகாமல் முதலில் கழிவறை வாசலில் நிறுத்தி, அம்மா வந்த பிறகே உள்ளே கொண்டுபோனார். வாய்விட்டுக் கேட்டால் செய்கிறார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம்.

கேட் எண் காலையில் போர்டிங் பாஸில் இல்லை. பிறகு திரையில் வந்தது. ஒலிபெருக்கியில் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காமல் அவ்வப்போது திரையைப் பாருங்கள். சோதனை வாசலிலேயே நடப்பதால் வரிசை நீளும். கேட் திறந்ததும் போய்விடுவது நல்லது.

மெல்பர்னில் இறங்குவதற்கு முன் ஒரு அட்டை கொடுத்தார்கள். சாப்பாட்டுப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆமாம் என்றே போட்டேன். அங்கே சொல்லாமல் கொண்டுபோவதுதான் குற்றம். பிரசவ மருந்துக்கென்று அம்மா எடுத்துவந்த சாமான்களை அதிகாரி ஒவ்வொன்றாகப் பிரித்து, என்னவென்று கேட்டுப் பார்த்து, பெரும்பாலானதைத் திருப்பிக் கொடுத்தார். விதையாக இருந்த ஒரு பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

நான் முன்னதாகவே ஊர் திரும்பிவிட்டேன். அம்மா பேரக்குழந்தையோடு இருந்துவிட்டுத் தனியாகத்தான் வரப்போகிறார். தங்கை இப்போது ஒரு தாள் தயார் செய்துகொண்டிருக்கிறாள். ஒரு பக்கம் அம்மா படிக்கத் தமிழில், மறுபக்கம் ஊழியர்களிடம் காட்ட ஆங்கிலத்தில். அம்மாவின் பெயர், இரண்டு விமான எண்கள், சக்கர நாற்காலி கேட்டிருக்கும் விவரம், சர்க்கரை இருப்பது, எங்கள் இருவரின் தொலைபேசி எண்கள் எல்லாம் பெரிய எழுத்தில். ஆங்கிலப் பக்கத்தின் முதல் வரியாக, கேட்டுக்குள் போகும் முன் கழிவறைக்குக் கூட்டிப் போகவும் என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.