வழிக்காவல் வரவில்லை என்றால் யார் பொறுப்பு?

ஜெயிலில் இருப்பவருக்கு அடிபட்டால் நஷ்டஈடு கேட்கலாமா என்று யாரும் எங்கள் ஆபீசுக்கு வருவதில்லை. ஜாமீன் எப்போது கிடைக்கும், அதோடு சரி. கும்பகோணத்தில் ஒரு வக்கீலிடம் வேலை பார்க்கிறேன். வரப்புத் தகராறு, மணல் வண்டி, கல்யாண வீட்டுச் சண்டை என்று ரிமாண்ட் ஆனவர்களின் அம்மாக்களும் மனைவிமார்களும்தான் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கை வீங்கியிருக்கிறது, காது சரியாகக் கேட்கவில்லை என்பதெல்லாம் பேச்சுவாக்கில் வரும், அதுவும் கிளம்பும்போது.

அப்படித்தான் ஒரு அம்மா சொன்னார். ஊர், பேர் வேண்டாம். மகன் விசாரணைக் கைதி. குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்திருக்கிறது. நாலைந்து நாள் வலி மாத்திரை மட்டும். எலும்பு கோணலாகக் கூடிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கேட்டால் சிறையில் சொன்ன பதில், "நாங்கள் அன்றைக்கே லெட்டர் போட்டுவிட்டோம், வழிக்காவல் வரவில்லை." வழிக்காவல் என்றால் கைதியை வெளியே கூட்டிப்போகும்போது கூட வரும் போலீஸ். அதற்கு ஆள் அனுப்ப வேண்டியது போலீசின் ஆயுதப்படை. அவர்கள் எல்லோரும் தேர்த்திருவிழா பந்தோபஸ்தில். (நம் பக்கம் எந்த மாதத்தில் தேரும் கும்பாபிஷேகமும் இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.) ஆஸ்பத்திரியிலோ, எங்களிடம் கொண்டுவந்தால்தானே பார்க்க முடியும் என்கிறார்கள். மூன்று பேர் சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம், பையனுக்குக் கை கோணல்.

ஆனால் சட்டப்படி இந்த மூன்றும் மூன்று ஆட்கள் கிடையாது, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். சிறைத்துறை, காவல்துறை, சுகாதாரத்துறை எல்லாம் சேர்ந்து மாநில அரசு என்கிற ஒரே எதிர்மனுதாரர். யார் லெட்டர் போட்டார், யார் வரவில்லை என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு, அடிபட்டவரின் தலையில் அதைக் கட்ட முடியாது.

ஒரு காலத்தில் அரசு இதிலிருந்து சுலபமாகத் தப்பித்தது. 1965இல் கஸ்தூரிலால் வழக்கு. போலீஸ் கைப்பற்றி வைத்திருந்த தங்கத்தைத் தலைமைக் காவலர் ஒருவரே எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். போலீஸ் வேலை அரசின் இறையாண்மை அதிகாரத்தைச் சேர்ந்தது (அதாவது அரசு மட்டுமே செய்யக்கூடிய வேலை), அதனால் அரசு பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. 1983இல் ருதுல் ஷா வழக்கில்தான் நிலைமை மாறத் தொடங்கியது. விடுதலையான பிறகும் 14 வருஷம் பீகார் சிறையில் கிடந்தவர் அவர். தனியாக சிவில் வழக்குப் போடச் சொல்லாமல், அடிப்படை உரிமைக்காக நேரே போடும் ரிட் மனுவிலேயே அவருக்கு 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார்கள். 1993இல் நீலாபதி பெஹெரா வழக்கு: ஒடிசாவில் போலீஸ் காவலில் மகனைப் பறிகொடுத்த தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்ன நீதிமன்றம், அடிப்படை உரிமை மீறலில் இறையாண்மைப் பாதுகாப்பு என்கிற பேச்சுக்கே இடமில்லை என்றது.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது ஆந்திராவின் சல்லா ராமகிருஷ்ண ரெட்டி வழக்கு. அன்றைய கர்னூல் மாவட்டத்தில் கோயிலகுண்ட்லா என்கிற ஊர், நம் ஊர்களில் இருப்பதுபோல் அங்கேயும் ஒரு கிளைச்சிறை. அப்பாவும் மகனும் உள்ளே. உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லியும் காவலைப் பலப்படுத்தவில்லை. 1977 மே மாதம் ஒரு ராத்திரி வெளியாட்கள் வந்து அறைக்குள் குண்டு வீச, அப்பா இறந்தார், மகனுக்குக் காயம். குண்டு வீசியது சிறைக்காரர்கள் இல்லை. இருந்தாலும் பூட்டி வைத்த பிறகு பாதுகாக்கத் தவறியது உங்கள் அலட்சியம் என்று உயர் நீதிமன்றம் 1,44,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது, 2000இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 23 வருஷம்! அந்த ஒரு விஷயம்தான் கசக்கிறது.

அமெரிக்காவில் சிறைகளைக் கம்பெனிகளும் நடத்துகின்றன. அங்கே இதய நோயாளியான ஒரு கைதியை லிஃப்டில் விடாமல் ஐந்தாம் மாடிக்குப் படியேறச் சொல்லி, அவருக்கு மாரடைப்பு வந்து விழுந்தார். அரசியல் சட்ட உரிமையை மீறியதாகச் சொல்லி அந்தக் கம்பெனி மீது நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது, சாதாரண அலட்சிய வழக்கு வேண்டுமானால் போட்டுக்கொள் என்று 2001இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. நம் சிறைகளை அரசே நடத்துவதால் அந்தத் தலைவலி நமக்கு இல்லை. இதை நான் பெரிய ஆறுதலாகவே நினைக்கிறேன்.

சரி, என்ன செய்வது? 1894ஆம் வருஷத்துச் சிறைச் சட்டமே நமக்கு உதவும். உள்ளே போனதும் மருத்துவ அதிகாரி பரிசோதிக்க வேண்டும், உடம்பில் உள்ள காயங்களைப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. உடம்பு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் தாமதமில்லாமல் ஜெயிலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 37ஆம் பிரிவு. உள்ளே போகும்போது காயமில்லை என்று அவர்கள் கையாலேயே எழுதியிருந்தால், அப்புறம் வந்த காயத்துக்கு அவர்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதனால் மனு போட்டு உள்ளே இருப்பவரைப் பார்க்கப் போகும்போது காயத்தைப் பார்த்த தேதியை எழுதி வையுங்கள், சிறைக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். எங்களிடம் வரும் அம்மாக்களிடம் ரசீது ஒன்றுகூட இருக்காது. பாதி வழக்கு அங்கேயே போய்விடுகிறது.

சிவில் வழக்கு என்றால் முதலில் அரசுக்கு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு நோட்டீஸ், கலெக்டருக்கே அனுப்பலாம், இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ரிட் என்றால் சீக்கிரம் முடிய வாய்ப்பு உண்டு. ஆனால் எங்கள் பக்கம் ஒரு வேடிக்கை. தஞ்சாவூர் மாவட்டத்து ஆடுதுறைக்காரர் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும், கொஞ்ச தூரம் தள்ளி மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் குத்தாலத்துக்காரருக்குச் சென்னை. மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் சொல்லியிருக்கிறது.

ஜெயிலுக்குப் போனவனுக்கு எதற்கு நஷ்டஈடு என்று கேட்கிறவர்களும் உண்டு. 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்ப் பிரச்சினைக்காகப் போராடியவர்களும் திருச்சி மத்திய சிறையில்தான் இருந்தார்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும். வக்கீல் ஃபீஸ் இல்லை என்று யோசிக்கிறவர்கள் நேரே அங்கே போங்கள்.